பக்கத்தின் அடியில் ஒரு விளக்கு

"உங்க ஊடு வரைக்கும் எல்லாரும் உசுரோட இருக்கறாங்கொ. என்ற ஊட்டு வாசப்படியில இருந்து..."

"வெங்கடபதி, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"...விளக்கு ஏத்தி வெச்சிருக்கறீங்களேண்ணா, விளக்கு! என்ற பேத்திக்கு இன்னும் கழுத்தே நிக்கல. அவ போட்டோவுக்குக் கீழ..."

"சத்தியமா எனக்குத் தெரியாதுடா! புஸ்தகத்தை நான் இன்னும் முழுசாப் பொரட்டவே இல்ல..."

"பொரட்டாமத்தான் நேத்து பூப்பழத்தோட கொண்டாந்து குடுத்தீங்களா?"

சமையலறையிலிருந்து ஓடி வந்த லாஸ்யா கூடத்து நிலையிலேயே நின்றுவிட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி மிதித்தார்கள். சின்ன மாமனார் வெங்கடபதிக்கு அத்தனை கோபத்திலும் 'ங்க' விட்டுப்போகவில்லை. அதுதான் கேட்கவே பயமாக இருந்தது.

அவர் புத்தகத்தை டீப்பாய் மேல் வீசினார்.

"நீயே பாரு கண்ணு. நீதானே செஞ்சது?"

லாஸ்யா எடுத்தாள். அவள் ராப்பகலாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கட்டிய புத்தகம். 'சிந்தலபாடி குடும்ப மலர்'. நாளைக்கு மண்டபத்தில் எல்லா வீட்டாரும் கூடுகிறபோது ஆளுக்கொன்று கையில் கொடுப்பதற்காக அடித்தது.

வெங்கடபதி வீட்டுப் பக்கம். மேலே 'சிந்தலபாடி வீடு, பீளமேடு'. நடுவில் அவரும் அவர் மனைவியும், மகனும் மருமகளும், மடியில் பொக்கைவாய்ச் சிரிப்போடு பேத்தியும். கீழே, பக்கத்தின் அடிவரியில், சின்னதாக ஒரு குத்துவிளக்கு. அதற்குப் பக்கத்தில்:

'இறைவனடி சேர்ந்த எங்கள் பெரியோர்.'

லாஸ்யா பக்கத்தைக் கண்ணருகில் கொண்டுபோனாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கேயும் விளக்கு. அதற்கடுத்த பக்கம், அதற்கும் அடுத்தது. கல்லூரிக்குப் போகிற பெண்கள், போன மாசம் கல்யாணமான பையன், எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க எல்லாருக்கும் கீழே விளக்கு எரிந்தது.

"ஐயோ, சின்ன மாமா! கம்ப்யூட்டர்ல தப்பாயிருச்சுங்க..."

"கம்ப்யூட்டருக்கு உன்ற மாமனாரைத் தெரியுமா அம்மணி?"

"இல்லீங்க..."

"அப்பறம் எப்படி? இந்த ஊடு வரைக்கும் மரியாதையா வந்து, இந்த ஊடு முடிஞ்சதும் விளக்கு ஏத்துது? முன்னாடி பொரட்டிப் பாரு. ஒரு பக்கத்துல இருக்குதா?"

அவள் முன்பக்கமாகப் புரட்டினாள். மாமனாரின் அக்காமார் வீடுகள், எல்லாம் சரி. இந்த வீடு, சரி. நாத்தனார் அக்ஷிதா வீடு, விளக்கு இல்லை. அதற்கு அடுத்தது வெங்கடபதி வீடு. விளக்கு அங்கேதான் ஆரம்பம்.

மாமனார் பாலகோபால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்தக் கதையைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் கணபதியில் ஒரே பட்டறையில் பம்ப்புக்கு வார்ப்படம் போட்டவர்கள். பாகம் பிரிந்த அன்றைக்கு வந்த மனத்தாங்கலில், ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிக்காமலே வருஷக்கணக்காக ஓட்டிவிட்டார்கள். இந்தக் குடும்பக் கூட்டத்தைச் சாக்காக வைத்துத்தான் போன வாரம் பாலகோபால் முதல் அடி எடுத்து வைத்தார். நேற்று முதல் பிரதியைத் தட்டில் வைத்துத் தம்பி வீட்டுக்குத் தானே கொண்டுபோனார். தம்பியும் கண் கலங்கி வாங்கிக்கொண்டார். அந்தப் பிரதிதான் இப்போது டீப்பாய் மேல் கிடக்கிறது.

"தம்பி, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் பேசுங்களேன்" என்றாள் மாமியார் வெங்கடம்மாள்.

"எழவு ஊட்டுல காப்பி குடிக்கற வழக்கமில்லீங்க" என்றார் வெங்கடபதி. "சாயங்காலம் வாரேன். காரணம் சொல்லோணும். சொல்லலீன்னா நாளைக்கு என்ற ஊட்டுல இருந்து ஒரு குஞ்சுகுளுவான்கூட மண்டபத்துக்கு வராது. நாளைக்கு மட்டுமில்ல, எப்பவும்."

செருப்பை மாட்டும்போது கால் தடுமாறியது. யார் கையையும் பிடிக்காமல் போனார்.

*

"ஏன் அம்மணி, உனக்கு வேற நேரமே கெடைக்கலையா?"

பாலகோபால் கேட்டது அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது லாஸ்யாவுக்கு.

புருஷன் ரவிதேஜா ஊரில் இல்லை. வியாபார விஷயமாக ராஜ்கோட் போனவன், ராத்திரிதான் கோயமுத்தூர் வருவான். அவள் லேப்டாப்பைத் திறந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு, முதலில் பிரஸ்ஸுக்குப் போன் போட்டாள்.

"அல்லா!" என்றார் ரசாக் பாய். "அம்மணி, நான் மொதப் பக்கமும் பாத்தேன், கடைசிப் பக்கமும் பாத்தேன். கடைசில பெரியவங்க பக்கத்துல விளக்கு அம்சமா உழுந்திருக்குதுன்னு எங்க ஊட்டுக்காரி மெஹராஜைக் கூப்புட்டுக் காட்டினேனுங்களே!"

"நடுவுல பாக்கலீங்களா பாய்?"

"நடுவுல நீங்க பாத்திருப்பீங்கன்னு நானு..."

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நானுங்க பாய்."

எதிர்முனையில் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"சரி, உடுங்க" என்றார் அவர். "பின்னைக் கழட்டி, கெட்டுப்போன பக்கத்தை மட்டும் புதுசா அடிச்சுச் சொருகிக் குடுத்தர்றேன். மத்தியானத்துக்குள்ள சரிபண்ணி அனுப்பிச்சுருங்க. நாளைக்குப் புஸ்தகம் மண்டபத்துல இருக்கும். அதுக்கு நானாச்சு."

புத்தகம் சரியாகிவிடும். காரணம்?

வெங்கடம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எனக்கு வெளங்கறாப்புல சொல்லு கண்ணு. நான் உங்க மாமாவுக்குச் சொல்றேன்."

"அத்தை, இதுல ஒவ்வொரு ஊடும் தனித்தனி செக்‌ஷன். ஆனா பக்கத்துக்கு அடியில வர்ற வரி இருக்குதுங்களே, ஃபுட்டர், அது எல்லா ஊட்டுக்கும் பொது. சங்கிலி போட்ட மாதிரி முந்தின ஊட்டோட கோத்திருக்கும். மேல தலைப்புல என்ன ஊட்டுப் பேரு இருக்குதோ அதையே கீழயும் தானா எடுத்துப் போடற மாதிரி ஒரே ஏற்பாடு பண்ணியிருந்தேன்."

"சரி."

"கடைசி நாள் மாமா சொன்னாங்களே, கடைசியில இருக்கற, காலமான பெரியவங்க பக்கத்துக்கு மட்டும் கீழ விளக்கு வெக்கலாம்னு. வெச்சேன். அதுக்கு முன்னாடி அந்தக் கடைசி செக்‌ஷனோட சங்கிலியைக் கழட்டியிருக்கோணும். மறந்துட்டேன். கழட்டாம எழுதினா, கோத்திருக்கற எல்லா ஊட்டுக்கும் அதுவே போயிரும்."

"இத்தனைதானா? இதை வெங்கடபதிகிட்டச் சொன்னா..."

வெங்கடம்மாள் சொல்லி முடிக்கவில்லை. லாஸ்யாவின் கை நின்றுபோயிருந்தது.

"என்ன கண்ணு?"

"எல்லா ஊட்டுக்கும் போயிருக்கோணுமே அத்தை. மொதப் பக்கம் வரைக்கும் போயிருக்கோணும். ஏன் சின்ன மாமா ஊட்டோட நின்னுது?"

வெங்கடம்மாளுக்குப் புரியவில்லை. எழுந்து போனாள், பூஜை அறைப் பக்கம்.

லாஸ்யா வெங்கடபதி வீட்டுப் பக்கத்துக்குப் போய் அடியில் இரண்டு முறை தட்டினாள். ஃபுட்டர் திறந்தது. 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்ற பொத்தான் அணைந்திருந்தது. முந்தின வீட்டோடு தொடர்பு இல்லை. யாரோ கழற்றியிருக்கிறார்கள். அவள் கழற்றவில்லை.

ஒரு பக்கம் மேலே போனாள். அக்ஷிதா வீடு. அங்கேயும் கழன்றிருந்தது.

முன்னாலும் பின்னாலும் வெட்டி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்த மாதிரி.

அப்போதுதான் அந்தப் பக்கத்தின் அடியை லாஸ்யா படித்தாள். இத்தனை களேபரத்தில் யாருமே படிக்காத வரி. விளக்கு இல்லாததால் ஒருவர் கண்ணும் அங்கே நிற்கவில்லை.

மேலே தலைப்பு: 'எர்ரகுண்ட வீடு, துடியலூர்'. அக்ஷிதா வாழப் போன வீட்டின் பேர். மாப்பிள்ளை ரோஹன் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிற படம், அருகில் பட்டுச்சேலையில் அக்ஷிதா.

கீழே அடியில்: 'சிந்தலபாடி வீடு, கணபதி'.

பிறந்த வீட்டின் பேர்.

லாஸ்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெலுங்கு வீடுகளில் வீட்டுப் பேர் என்றால் சும்மாவா? தாலி ஏறின நிமிஷத்தில் பெண்ணுக்கு அது மாறிவிடும். பத்திரிகையிலும் சரி, கோவில் அர்ச்சனையிலும் சரி, அதன் பிறகு பழைய பேரை யாரும் உச்சரிப்பதில்லை. அது திரும்பி வருகிறதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

போன வாரம் அண்ணியான தன்னிடம் அக்ஷிதா கேட்டது ஞாபகம் வந்தது. "லேப்டாப்பைக் கொஞ்சம் குடுங்க வதினா, எங்க பக்கத்துல வேற போட்டோ வெக்கோணும்." போட்டோ மாறவே இல்லை.

*

அக்ஷிதா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். புத்தக வேலைக்கு ஒத்தாசை என்று வந்தவள், புத்தகம் முடிந்தும் போகவில்லை. கூட்டம் முடிந்து போவாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்ஷி, உன் பக்கத்துல கீழ என்ன எழுதியிருக்கறே?"

அக்ஷிதா திரும்பவில்லை. கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டாள்.

"பாத்துட்டீங்களா?"

"ஏன் கண்ணு?"

"மேல மாத்தினா எல்லாரும் பாப்பாங்க. எல்லாரும் தலைப்பப் பாப்பாங்க, போட்டோவப் பாப்பாங்க. அடியில இருக்கறத யாரு படிப்பா வதினா? எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்னு இருந்துச்சு."

"மாப்பிள்ளை?"

"ஆர்.எஸ்.புரத்துல தனியா ஃப்ளாட் எடுத்துட்டுப் போயிட்டாரு. ஏப்ரல்லயே."

லாஸ்யா மாதங்களை எண்ணிப் பார்த்தாள். ஏப்ரலுக்கு அப்புறம் எத்தனை விசேஷம்! அத்தனைக்கும் இவள் வந்து, "அவருக்கு வேலைங்க" என்று சிரித்துச் சொல்லி, மாப்பிள்ளைக்கென்று தனியாகப் பலகாரம் கட்டி வாங்கிக்கொண்டு போனாளே!

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தாச் சமாதானமாவது ஆகியிருப்போம். என்னோட இருக்கறது மூச்சு முட்டுதுன்னாரு. அவ்வளவுதான். ஷூ மாட்டிட்டே சொன்னாரு." அவள் துணியை மடிக்காமல் அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டாள். "எங்க மாமியாரு, குடும்பக் கூட்டம் முடியட்டும், மேடைக்குக் கூப்பிடறப்ப நீ வந்து நின்னுரு, அதுக்கப்பறம் வக்கீலைப் பாக்கலாம்னாங்க."

"அவங்களுக்கெல்லாம் தெரியுமா!"

"தெரியாதது இந்த ஊட்டுக்கு மட்டுந்தான்."

கீழே தெருவில் யாரோ வெல்டிங் வைத்தார்கள். ஒரு வெளிச்சம் வந்து போனது.

"சித்தப்பா ஊட்டுப் பக்கத்துக்கு என் மாத்தம் போயிரக் கூடாதுன்னுதான் வதினா அங்கயும் கழட்டினேன். பத்திரமாச் செய்யறதா நெனச்சேன். அது இப்படி அவங்க வாசல்ல வந்து..." அக்ஷிதா லாஸ்யாவின் கையைப் பிடித்தாள். அப்பாவை அவள் நாயினா என்றுதான் கூப்பிடுவாள். "நாயினாகிட்டச் சொல்லீராதீங்க. நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும். அவரு ஊர் பூராவும் எம் மாப்பிள்ளை எம் மாப்பிள்ளைன்னு சொல்லிட்டுத் திரியறாரு."

லாஸ்யா சொல்ல மாட்டேன் என்று சொன்னாள். சொன்ன பிறகுதான், தன்னிடம் சின்ன மாமனாருக்குச் சொல்ல வேறு காரணமே இல்லை என்பது உறைத்தது.

மற்ற வீடுகளின் அடிவரியையெல்லாம் சரிசெய்து பிரஸ்ஸுக்கு அனுப்பினாள். அக்ஷிதா பக்கத்தில் மட்டும் கை ஓடவில்லை. கீழே எதை வைப்பது? அழித்து எர்ரகுண்ட என்று போட்டால் இவளைத் தானே மறுபடி அங்கே தள்ளின மாதிரி. விட்டுவைத்தால் நாளைக்கு யாராவது பார்ப்பார்கள். அந்த ஒரு பக்கத்தை அப்புறம் அனுப்புவதாக ரசாக் பாய்க்கு எழுதிப்போட்டாள்.

*

வெங்கடபதி சொன்னபடி வந்தார். உட்காரவில்லை.

"சொல்லு அம்மணி."

"என்ற தப்புத்தானுங்க சின்ன மாமா. அடிவரியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கும். கழட்டாம எழுதிட்டேன். அதுதான் எல்லாத்துக்கும்..."

"எல்லாத்துக்கும் இல்லையே." அவர் நிதானமாகத்தான் பேசினார். "எங்க தெருவுல டிடிபி கடை வெச்சிருக்கற பொண்ணு ஆஃப்ரின்கிட்டப் புஸ்தகத்தைக் காட்டிக் கேட்டுப்போட்டுத்தான் வாரேன். மறந்திருந்தா மொதப் பக்கத்துல இருந்தே வந்திருக்கும், நடுவுல யாரோ வேணும்னே வெட்டியிருக்கறாங்கன்னு சொல்லுச்சு. தானா வெட்டாதாம். ஆளு உக்காந்து வெட்டோணுமாம். அது யாரு?"

பாலகோபால் மருமகளைப் பார்த்தார். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்படியா லாஸ்யா? யாராச்சும் வெட்டினாங்களா?"

உள் அறைக் கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தது. அதன் பின்னால் அக்ஷிதா நிற்பது லாஸ்யாவுக்குத் தெரியும்.

"நான்தானுங்க மாமா."

"நீயா!"

வெங்கடம்மாள் கையிலிருந்த தம்ளரை அப்படியே ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"எதுக்கு?" என்றார் வெங்கடபதி.

லாஸ்யா தரையைப் பார்த்தாள்.

"எதுக்குன்னு கேக்கறேன்! எங்க ஊட்டுக் கொழந்தை உனக்கு என்ன பண்ணுச்சு?"

அவளால் அழக்கூட முடியவில்லை. ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு இன்னொன்று வேண்டும். அது வாய்க்கு வரவில்லை.

பாலகோபால் எழுந்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். என்ன செய்யப் போகிறார் என்று யாருக்கும் ஓடவில்லை. தம்பியின் முன்னால் போய், தன் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார்.

"அண்ணா! என்ன பண்றீங்க!"

"என்ற மருமக செஞ்சா நான் செஞ்ச மாதிரி. அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் வராது வெங்கடபதி. எனக்கு வரட்டும்..."

"எந்திரிங்க! ஐயோ, எந்திரிங்கண்ணா! பாவத்தைச் சேக்காதீங்க!" வெங்கடபதி பின்னால் நகர்ந்து சோபாவில் இடித்துக்கொண்டார். அத்தனை நேரத்துக் கோபம் போன இடம் தெரியவில்லை. மூத்தவர் தலை தன் காலுக்கு வருவதைப் பார்த்தவர், குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தடுத்தார்.

"வதினா வெட்டல. நான் வெட்டினேன்."

அக்ஷிதா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். டீப்பாயிலிருந்த புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

"படிங்க சித்தப்பா. மேல இருக்கறதப் படிங்க. அப்பறம் கீழ."

வெங்கடபதி சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவி எடுத்து மாட்டினார். மேலே படித்தார். கீழே படித்தார். மறுபடி மேலே போனார். அவர் முகம் மாறுவதைப் பார்த்து, குனிந்தவாக்கிலேயே இருந்த பாலகோபால் மெதுவாக நிமிர்ந்தார்.

"என்னடா? என்ன எழுதியிருக்குது?"

வெங்கடபதி புத்தகத்தை அண்ணனிடம் நீட்டவில்லை. மூடினார். காலையில் வீசிய அதே புத்தகத்தை இப்போது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், யார் கையிலும் அகப்படக் கூடாது என்பதுபோல.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. எனக்கு வருத்தம் தீந்துபோச்சு. உடுங்க, நாளைக்கு எல்லாரும் வர்றோம்..."

"சித்தப்பா, வேண்டாங்க" என்றாள் அக்ஷிதா. "நாயினா, அவரு என்னை உட்டுட்டுப் போயி மாசக்கணக்காச்சு. நான் இனி அந்த ஊட்டுப் பேருல இல்ல. அதைத்தான் கீழ எழுதி வெச்சேன்."

வெங்கடம்மாள் 'அம்மா' என்று தன் அம்மாவைக் கூப்பிட்டபடி சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். லாஸ்யா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். பாலகோபால் நின்ற இடத்திலேயே நின்றார். மகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மகளையே மறுபடி பார்த்தார். தெரியாத வீட்டுக்குள் வந்துவிட்டவர் மாதிரி இருந்தது அவர் பார்வை.

டீப்பாய் மேலிருந்த லாஸ்யாவின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சத்தம் தாங்காமல் வெங்கடபதி அதை நிறுத்தப் போய், எதையோ அமுக்கினார். ரசாக் பாயின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அம்மணி, எல்லாம் அடிச்சாச்சுங்க. பாப்பா அக்ஷிதாவோட பக்கம் ஒண்ணுதான் பாக்கி. நானும் இப்பத்தான் பாக்கறேன், மேல ஒரு ஊட்டுப் பேரு, கீழ வேற ஊட்டுப் பேரா இருக்குது. எதை வெச்சு அடிக்கட்டும்? சொன்னீங்கன்னா மெஷின்ல ஏத்திருவேன்."

யாரும் போனைத் தொடவில்லை.

அக்ஷிதா அப்பாவின் எதிரே போய் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"பாய் கேக்கறாருங்களே நாயினா. சொல்லுங்க."